கடை வாடகை ஒப்பந்தம்: பதினோரு மாதமா, மூன்று ஆண்டா, ஒன்பது ஆண்டா?

கடைக்கு இடம் பார்க்கப் போகிறவர் கட்டட உரிமையாளரிடம் இரண்டு விஷயங்களைத்தான் நெடுநேரம் பேசுகிறார்: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு என்ற மூன்றாவது கேள்வி வரும்போது, "வழக்கம்போல பதினோரு மாதம் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொல்கிறார், மற்றவர் தலையசைக்கிறார், பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதினோரு மாதம் எங்கிருந்து வந்தது, அது யாருக்கு வசதி, அதற்கு மாற்றாக வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்பதைத் தமிழ்நாட்டு நகரங்களில் கடைக்கோ அலுவலகத்துக்கோ இடம் எடுக்கிறவரின் பக்கத்திலிருந்து இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சொல்லைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் "லீஸ்" என்றால் மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு என்றே பலர் பொருள்கொள்கிறார்கள். சட்டம் சொல்லும் குத்தகை அது மட்டும் அல்ல. ஓர் இடத்தை அனுபவிக்கும் உரிமையை, குறித்த காலத்துக்கோ தொடர்ச்சியாகவோ, விலைக்கோ வாடகைக்கோ மாற்றிக்கொடுப்பது எல்லாமே குத்தகைதான். மாத வாடகைக்கு எடுக்கும் கடையும் அதில் அடங்கும்.

ஒப்பீட்டுக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். மதுரையில் போக்குவரத்துள்ள ஒரு சாலையில் 600 சதுர அடிக் கடை, மாத வாடகை 40,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகையான 4,00,000 ரூபாய். எடுக்கிறவர் பேக்கரி வைக்கப் போகிறார். ஓவன், குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி, தரை, வயரிங், புகைபோக்கி, முகப்பு வேலை எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். ஓவனையும் கண்ணாடிப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். மீதி 7 லட்சம் அந்தச் சுவரோடும் தரையோடும் ஒட்டிக்கொண்டது. அந்த 7 லட்சத்தை எடுத்து முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் ஒப்பந்தக் காலத்தை முடிவுசெய்யும் கேள்வி என்பது என் கருத்து. முத்திரைத் தீர்வை அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய சங்கதி. நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது.

பதினோரு மாதத்தின் வேர் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, ஆண்டு வாடகை குறிக்கப்பட்ட குத்தகை ஆகியவற்றைப் பதிவுசெய்த ஆவணத்தின் மூலம் மட்டுமே ஏற்படுத்த முடியும் என்று அதன் 107-ஆவது பிரிவு சொல்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-ஆவது பிரிவில் அதே மூன்றையும் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்தி, பதியாவிட்டால் அந்த ஆவணத்தைக் கொண்டு குத்தகையின் நிபந்தனைகளை மெய்ப்பிக்க முடியாது என்று 49-ஆவது பிரிவில் கதவைச் சாத்துகிறது. ஓராண்டைத் தொடாமல் நின்றுகொண்டால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பதினோரு மாதம் பிறந்த கதை இவ்வளவுதான். இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு: காலம் பதினோரு மாதம் என்று எழுதிவிட்டு, வாடகையை "ஆண்டுக்கு 4,80,000 ரூபாய்" என்று குறித்தால், ஆண்டு வாடகை குறித்த குத்தகை ஆகிவிட்டது என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

இதன் மேல் இரண்டாவது அடுக்காக 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் வந்திருக்கிறது. நில உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் இந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. நகர்ப்புறங்களில் குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் கல்விக்கும் விடப்படும் கட்டடங்களுக்கு இது பொருந்தும். தொழிற்சாலைப் பயன்பாடு இதன் வரம்புக்கு வெளியே உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றும், அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது. பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே "பதினோரு மாதம் என்றால் எங்கேயும் பதிய வேண்டாம்" என்ற பழைய நம்பிக்கை இன்றைக்குப் பாதிதான் உண்மை. சார்பதிவாளரிடம் பதிவது ஒன்று, வாடகை அதிகாரியிடம் பதிவது வேறொன்று. ஒன்றைச் செய்ததால் மற்றது நீங்கிவிடுவதில்லை. மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டும் தேவை.

இந்தப் பின்னணியில் நம் பேக்கரிக்காரர் முன்னால் நான்கு வழிகள் உள்ளன: பதினோரு மாத ஒப்பந்தத்தை எழுதி அவ்வப்போது புதுப்பிப்பது, மூன்று ஆண்டுக் குத்தகையைப் பதிவது, ஐந்து முதல் ஒன்பது ஆண்டு வரையிலான நெடுங்குத்தகையைப் பதிவது, குத்தகையே இல்லாமல் உரிமம் என்ற பெயரில் இடத்தைப் பயன்படுத்துவது.

பதினோரு மாதம்

இதன் கவர்ச்சி எளிமை. ஒரு முத்திரைத் தாள், இரண்டு கையொப்பம், இரண்டு சாட்சி, அன்றைக்கே சாவி. பெரும்பாலும் 20 ரூபாய்த் தாளிலோ 100 ரூபாய்த் தாளிலோ எழுதப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகை எதுவானாலும் வாடகை, பிரிமியம் (குத்தகைக்கு விலையாகக் கொடுக்கும் தொகை), முன்பணம் ஆகியவற்றின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை. பதினோரு மாதம் என்பதற்காகச் சட்டம் அதைத் தள்ளுபடி செய்யவில்லை. நம் கணக்கில் பதினோரு மாத வாடகை 4,40,000, அட்வான்ஸ் 4,00,000, மொத்தம் 8,40,000, தீர்வை 8,400 ரூபாய். 100 ரூபாய்த் தாளில் எழுதியவர் 8,300 ரூபாய் குறைவாகக் கட்டியிருக்கிறார். எல்லாம் சுமுகமாக இருக்கும்வரை இதை யாரும் கேட்பதில்லை. வழக்கு என்று வந்து அந்தத் தாளை நீட்டும்போதுதான், முத்திரைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு அதை நிறுத்தும். குறைவான தீர்வையையும் அதன் பத்து மடங்கு வரையிலான தண்டத்தையும் கட்டிய பிறகே ஆவணம் ஆதாரமாக ஏற்கப்படும். குத்தகை ஆவணத்தின் தீர்வையைக் கட்ட வேண்டியவர், வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், குத்தகைக்கு எடுக்கிறவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது ஆண்டுக்குப் பதினோரு மாத ஒப்பந்தங்களாக எழுதினால் பத்துத் தடவை எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அட்வான்ஸையும் சேர்த்து முறையான தீர்வை கட்டினால் 84,000 ரூபாய் ஆகிறது. கீழே வரும் ஒன்பது ஆண்டுப் பதிவின் முழுச் செலவு இதைவிடக் குறைவு. பதினோரு மாதம் மலிவாகத் தோன்றுவது, கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடுவதால்தான்.

காலம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது செலவைவிடப் பெரிய கேள்வி. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் என்ற அடிப்படையில் அதிகபட்சம் ஆறு மாதம் தொடரும். அதற்கு மேல் நிற்கப் பிடிமானம் இல்லை. பேக்கரிக்குப் பெயர் கிடைக்கத் தொடங்குகிற எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் உரிமையாளர் வந்து, "புது அக்ரிமெண்ட்டுக்கு 60,000 ரூபாய் என்றால் இருங்கள்" என்று சொன்னால், தரையிலும் புகைபோக்கியிலும் 7 லட்சத்தைப் போட்டவருக்குப் பேரம் பேசும் இடமே இருக்காது. அந்தப் பெயரைச் சேர்த்தவர் வாடகைதாரர், அதன் பலனில் பங்கு கேட்கிறவர் உரிமையாளர். சட்டப்படி அதில் தவறு ஏதும் இல்லை என்பதுதான் சங்கடம்.

இத்தனை சொன்னதால் பதினோரு மாதத்தை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டு மேசையும் நான்கு கணினியும் போட்டு ஒரு தணிக்கையாளர் அலுவலகம் வைக்கிறார் என்றால், அல்லது தீபாவளி, பொங்கல் பருவத்துக்குத் துணிக் கடை போடுகிறார் என்றால், போட்ட முதலை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு வெளியேற முடியும். இந்த இடத்தில் வியாபாரம் ஓடுமா என்று சோதித்துப் பார்க்கிறவருக்கும் இதுவே சரி. அவர்களுக்கு நீண்ட காலம் என்பதே ஒரு கட்டு.

பதினோரு மாதத்தைவிட மோசமான ஒன்று உண்டு: ஐந்து ஆண்டு என்று எழுதி, பதியாமல் வைத்திருப்பது. ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு இருப்பதாக வாடகைதாரர் நம்புகிறார். ஆனால் இப்படிப் பதியாத ஐந்தாண்டு ஒப்பந்தம் பற்றிய ஒரு வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அந்த ஆவணத்தால் ஐந்தாண்டுக் குத்தகை பிறக்கவில்லை, இடத்தைக் கையில் கொடுத்து வாடகை வாங்கியதால் மாதவாரி வாடகை உறவு மட்டுமே பிறந்தது என்று கூறியது. வணிகக் கடைக்கான மாதவாரி வாடகையைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவின்படி 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம்.

மூன்று ஆண்டு

நம் கணக்கில் மூன்று ஆண்டு வாடகை 14,40,000, அட்வான்ஸ் சேர்த்து 18,40,000. முத்திரைத் தீர்வை 18,400, பதிவுக் கட்டணம் அதே 1 சதவீதத்தில் இன்னொரு 18,400, ஆகமொத்தம் 36,800 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 1,022 ரூபாய். ஆவணம் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 107-ஆவது பிரிவின்படி உரிமையாளரும் வாடகைதாரரும் இருவருமே கையொப்பமிட்டிருக்க வேண்டும். உரிமையாளர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் குத்தகை ஆவணம் ஆகாது.

பதிவு செய்வதன் முதல் பயன், அந்தக் குத்தகை வில்லங்கச் சான்றில் ஏறிவிடுகிறது. கட்டடத்தை வாங்க வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போதே உங்கள் காலம் அவருக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது. புது உரிமையாளர் பழையவரின் இடத்தில் வந்து உட்காருகிறாரே தவிர, உங்கள் ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட அவருக்கு உரிமை இல்லை.

மூன்று ஆண்டு என்ற எண்ணுக்கு வேறொரு தனிச் சிறப்பும் உண்டு. கட்டடம் வங்கியில் அடமானத்தில் இருந்தால், அடமானம் வைத்த உரிமையாளர் எந்த அளவுக்குக் குத்தகைக்கு விடலாம் என்பதைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு வரையறுக்கிறது. அடமானப் பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கட்டடத்தைப் பொறுத்தமட்டில் அந்தக் குத்தகை மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. நகரங்களில் சாலையோரக் கட்டடங்கள் பல கடனில் எழுந்தவை என்பதால் இது ஏட்டில் மட்டும் கிடக்கும் விதி அல்ல. கடன் கட்டாமல் போய், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி கட்டடத்தைக் கைப்பற்ற வரும்போது, கீழே கடை வைத்திருப்பவரின் நிலை என்ன என்ற கேள்வி 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அடமானத்துக்கு முன்பே ஏற்பட்ட அல்லது சட்டத்துக்கும் அடமான நிபந்தனைகளுக்கும் உட்பட்டு ஏற்பட்ட குத்தகையை வங்கி மதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை தனக்கு உண்டு என்கிறவர் பதிவுசெய்த ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. கடன் தவணை தவறி வங்கி அறிவிப்பு அனுப்பிய பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி உரிமையாளர் யாருக்கும் புதிதாகக் குத்தகைக்கு விடக் கூடாது.

ஆகவே வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது என்பேன். அதில் "எம்.ஓ.டி." என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உரிமைப் பத்திர ஒப்படைப்புப் பதிவு இருந்தால், அது வங்கிக் கடனின் அடையாளம். அப்போது இரண்டே வழிதான். மூன்று ஆண்டுக்குள் நிறுத்திக்கொண்டு, அடமான நிபந்தனைகள் குத்தகையைத் தடை செய்யவில்லை என்பதை உறுதி செய்துகொள்வது ஒன்று. அதற்கு மேல் வேண்டுமானால் வங்கியிடமிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கித் தரும்படி உரிமையாளரிடம் கேட்பது இன்னொன்று.

மூன்று ஆண்டுக் குத்தகையின் பலவீனம் அதன் முடிவில் இருக்கிறது. "மூன்று ஆண்டு முடிந்தபின் இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று எழுதுகிறார்கள். இரு தரப்பும் சம்மதித்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாம், அதை எழுதத் தேவையே இல்லை. வாடகைதாரர் விரும்பினால் புதுப்பிக்க உரிமையாளர் கட்டுப்பட்டவர், வாடகை இத்தனை சதவீதம் உயரும், எத்தனை மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினால்தான் அது உரிமை. அப்படி எழுதினாலும், புதுப்பித்தல் என்பது புதிய குத்தகை. அப்போது மீண்டும் ஆவணம் எழுதி, மீண்டும் பதிய வேண்டும்.

ஐந்து முதல் ஒன்பது ஆண்டு

ஒன்பது ஆண்டு வாடகையை உயர்வில்லாமல் கணக்கிட்டால் 43,20,000, அட்வான்ஸ் சேர்த்து 47,20,000. தீர்வை 47,200 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 20,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருப்பதால் அது அங்கேயே நிற்கிறது. மொத்தம் 67,200, மாதத்துக்கு 622 ரூபாய். ஆண்டுக்கு 5 சதவீத வாடகை உயர்வை எழுதினால் மொத்தச் செலவு ஏறக்குறைய 77,000 வரை போகும். மூன்று ஆண்டுக் குத்தகையை மூன்று முறை பதிந்தால், வாடகை உயராமல் இருந்தாலும் 1,10,400 ரூபாய். முன்கூட்டியே ஒரே தொகையாகக் கட்ட வேண்டியிருப்பதைத் தவிர, செலவில் நெடுங்குத்தகைக்குப் பாதகம் எதுவும் இல்லை.

வாடகைதாரர்களைத் தயங்க வைப்பது செலவு அல்ல, பயம். வியாபாரம் ஓடாவிட்டால் ஒன்பது ஆண்டும் வாடகை கட்ட வேண்டுமே என்ற பயம் நியாயமானது. காலம் குறித்த குத்தகையில், இடையில் விலகும் உரிமை எழுதப்படவில்லை என்றால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. 106-ஆவது பிரிவு, ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோது மட்டும் பேசும் பிரிவு. இதற்கான மருந்து ஆவணத்திலேயே இருக்கிறது: முதல் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு இரு தரப்பும் விலக முடியாத பூட்டுக் காலம், அதன் பிறகு வாடகைதாரர் மட்டும் மூன்று மாத அறிவிப்பில் விலகலாம், உரிமையாளர் வாடகை நிலுவை போன்ற குறித்த காரணங்களுக்கு மட்டுமே முடிக்கலாம். பெரிய மருந்துக் கடைகளும் வங்கிக் கிளைகளும் இடம் எடுக்கும்போது இந்த மாதிரி வாசகத்தைத்தான் கேட்டு வாங்குகின்றன. தனி மனிதர் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கேட்டுப் பழக்கமில்லை என்பது மட்டுமே தடை. பூட்டுக் காலத்துக்குள் விலகினால் இவ்வளவு இழப்பீடு என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதை நியாயமான இழப்பீட்டின் உச்சவரம்பாகவே பார்க்கிறது.

உரிமையாளரின் பயம் வேறு மாதிரி. கடையை இவ்வளவு காலத்துக்கு விட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே ஓர் அச்சம் ஊறிப்போயிருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று நீதிமன்றம் தொகையை நிர்ணயித்தது. வெளியேற்றும் வழக்குகள் தலைமுறை கடந்தும் நடந்தன. புதிய சட்டத்தில் வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை. இரண்டு மாத நிலுவை, சம்மதமில்லாத உள்வாடகை, தவறான பயன்பாடு, பழுது அல்லது மறுகட்டுமானத் தேவை போன்ற காரணங்களுக்காக வாடகை நீதிமன்றத்தை அணுகவும் வழி உண்டு. இதை உரிமையாளருக்கு எடுத்துச் சொன்னால் பாதித் தயக்கம் தீரும். வாடகைதாரர் கவனிக்க வேண்டியதும் இதே பட்டியல்தான். நெடுங்குத்தகை இருந்தாலும் மறுகட்டுமானம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. ஆகையால் இடையில் இடித்துக் கட்ட நேர்ந்தால் உள்வேலைச் செலவில் எஞ்சிய பங்கை உரிமையாளர் ஈடுசெய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

நீண்ட காலத்துக்குப் போகும்போது, கையெழுத்துப் போடுகிறவருக்கு அதற்கான அதிகாரம் இருக்கிறதா என்ற சோதனையும் கடுமையாகிறது. பாகப்பிரிவினை ஆகாத சொத்தில் மூத்த மகன் மட்டும் கையெழுத்திட்டால், மற்ற பங்காளிகள் பின்னால் வந்து நிற்பார்கள். உரிமையாளர்களில் ஒருவர் மைனர் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, இயற்கைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி ஐந்து ஆண்டுக்கு மேலோ, மைனர் பெரியவராகி ஓராண்டு கடந்த காலத்துக்கோ குத்தகைக்கு விட முடியாது. பொது அதிகாரம் பெற்றவர் கையெழுத்திடுகிறார் என்றால் அந்த அதிகாரப் பத்திரத்தில் குத்தகைக்கு விடும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோயில் கடை என்றால் கணக்கே வேறு. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆணையரின் அனுமதியில்லாமல் செல்லாது. சமய நிறுவனக் கட்டடங்கள் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் எல்லைக்கும் வெளியே இருக்கின்றன.

உரிமம்

வணிக வளாகத்தின் நடுவில் போடும் ஐஸ்கிரீம் வண்டி, சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஒரு மூலையில் பழச்சாறுக் கடை, பகிர்வு அலுவலகத்தில் நான்கு இருக்கை ஆகியவற்றுக்கு எழுதப்படுவது பெரும்பாலும் உரிம ஒப்பந்தம். இதில் இடத்தின் மேல் எந்த உரிமையும் மாறுவதில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே கிடைக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி, இடத்தை வாங்கும் புதியவரை உரிமம் கட்டுப்படுத்தாது. குத்தகையின் மிகப் பெரிய பாதுகாப்பு எதுவோ அதுவே இதில் இல்லை. 12 லட்சம் போடும் பேக்கரிக்கு இது பொருந்தாது என்று இத்துடன் விட்டுவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மும்பைப் பக்கத்து வழக்கத்தைப் பார்த்து, முழுக் கடைக்கும் சாவியைக் கொடுத்துவிட்டு ஆவணத்துக்கு மட்டும் உரிமம் என்று பெயர் வைக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல், தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அல்ல, தனித்த அனுபவத்தைக் கொடுப்பதுதான் இருவரின் உள்ளக்கருத்தா என்பதையே பார்க்கிறது. ஆகவே பெயர் உரிமம் என்றிருந்தாலும் அது குத்தகையாகவே கொள்ளப்படலாம்.

எந்த வழியானாலும் மாறாதவை

அட்வான்ஸைப் பற்றிப் பலரும் அறியாத ஒன்று உண்டு. வேறு ஏற்பாடு ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பத்து மாதம் என்பது ஊர் வழக்கம். அது செல்லுபடியாவது ஒப்பந்தத்தில் எழுதப்படுவதால்தான். தீர்வையைக் குறைப்பதற்காக அட்வான்ஸில் பாதியை ஆவணத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுக்கிறவர், 1 சதவீதமான 2,000 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக 2,00,000 ரூபாயை ஆதாரமில்லாமல் விட்டுவைக்கிறார். அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கு, காலி செய்த பிறகு ஒரு மாதம் என்று சட்டம் சொல்கிறது. அதைவிட, சாவியை ஒப்படைப்பதும் பணம் கைக்கு வருவதும் ஒரே நாளில் என்று எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

வரியில் ஒரு மாற்றம் ஒப்பந்த வாசகத்தையே தொடுகிறது. வணிகக் கட்டட வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராகவும் வாடகைதாரர் பதிவு உள்ளவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை வாடகைதாரரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். விற்றுமுதலில் ஒரு குறித்த சதவீதத்தை வரியாகக் கட்டும் கூட்டு வரித் திட்டத்தில் (காம்பொசிஷன்) இருக்கும் சிறு வணிகர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு உண்டு. பேக்கரிக்காரர் வழக்கமான முறையில் பதிந்திருந்தால் 40,000 ரூபாய் வாடகைக்கு மாதம் 7,200 ரூபாய் கட்டி, தகுதிக்கேற்ப அதை உள்ளீட்டு வரியாக, அதாவது விற்பனைக்குத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். வாடகை 40,000 என்பது ஜிஎஸ்டி நீங்கலாகவா சேர்த்தா என்று எழுதாத ஒப்பந்தம் சண்டையில்தான் முடியும்.

பொருத்திய சாமான்களை எடுத்துச் செல்வது பற்றிச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு வாடகைதாரருக்குச் சாதகமாகவே இருக்கிறது. தான் பொருத்தியவற்றை, இடத்தைப் பெற்ற நிலையிலேயே விட்டுச் செல்லும்படி, இடம் தன் கையில் இருக்கும்வரை கழற்றிக்கொள்ளலாம். நிரந்தரக் கட்டுமானம் மட்டும் உரிமையாளர் சம்மதமின்றிக் கூடாது. புகைபோக்கிக்காகச் சுவரை உடைப்பது இதில் எந்தப் பக்கம் சேரும் என்ற விவாதத்துக்கு இடம் வைக்காமல், செய்யப் போகும் வேலைகளின் பட்டியலை இணைப்பாகச் சேர்த்து இருவரும் கையெழுத்திடுவது நல்லது. மின் இணைப்பு வணிகக் கட்டண வகையில் இருக்கிறதா, கட்டட அனுமதி வணிகப் பயன்பாட்டுக்கு உரியதா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். குடியிருப்பு அனுமதி பெற்ற கட்டடத்தில் உணவு உரிமம் கேட்டு அலைவதற்கு எந்த நல்ல ஒப்பந்தமும் பரிகாரம் ஆகாது.

இனி நம் பேக்கரிக்காரருக்கு எது பொருந்தும்? சுவரோடு ஒட்டிய 7 லட்சத்தை மாதம் 15,000 ரூபாய் வீதம் மீட்கிறார் என்று கொண்டால் 47 மாதம் ஆகிறது. பதினோரு மாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மூன்று ஆண்டும் போதவில்லை. கட்டடத்தில் அடமானம் இல்லை, அல்லது வங்கியின் சம்மதம் கிடைக்கிறது என்றால், வாடகைதாரருக்கு விலகும் உரிமையுடன் ஒன்பது ஆண்டு கேட்பதே என் தேர்வு. அடமானம் இருந்து வங்கியும் சம்மதிக்காவிட்டால், உள்வேலைச் செலவை மூன்று ஆண்டில் மீளும் அளவுக்குச் சுருக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு கடை பார்க்க வேண்டும். உரிமையாளர் ஒன்பதுக்கு இணங்காவிட்டால் ஐந்துக்கு இறங்கி வரலாம். ஐந்து ஆண்டு வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்து 28,00,000, தீர்வை 28,000, பதிவுக் கட்டணம் 20,000, ஆக 48,000 ரூபாய். மாதத்துக்கு 800 ரூபாய்தான் ஆகிறது. 47 மாதத்தில் முதல் திரும்பிய பிறகும் கையில் 13 மாதம் மிஞ்சுகிறது. அடுத்த காலத்துக்கான வாடகையைப் பேசுவதற்கு அந்த 13 மாதம் போதும்.